பார்க்காத படத்துக்கு ஒரு ஸ்டார்

அந்த வெள்ளிக்கிழமை மாலை மூங்கில்துறைப்பட்டு வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் நாராயணசாமி, அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி, மகள் தனுஷா, செந்தமிழ்ச்செல்வியின் தம்பி இளஞ்செழியன், மாடு கறக்க வந்த சின்னப்பொண்ணு. இவ்வளவு பேர்தான். தாமும் அங்கே இருந்ததாகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

இளஞ்செழியன் செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தான்.

"'படம் சுமார்தான். ஆனா அந்தப் பேய் வூடு இருக்கே, செம்ம! செட்டு போட்ட ஆளுக்குக் கோயில் கட்டணும். சுவத்தப் பாத்தாலே குலை நடுங்குது.' அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுத்துக்கிறான் மாமா."

"எந்தச் சுவரு?"

"நீங்க சாஞ்சிக்கினு இருக்கிற சுவருதான்."

நாராயணசாமி எப்போதும் நிமிர்ந்துதான் உட்காருவார். இப்போது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். "போன பொங்கலுக்குத்தான்டா வெள்ளை அடிச்சது!"

நடந்தது இதுதான். போன வருஷம் ஒரு படக் கம்பெனிக்காரர்கள் வந்து வீட்டை ஷூட்டிங்குக்குக் கேட்டார்கள். ஒரு பெரிய குடும்பத்தின் கதை என்று மேனேஜர் சொன்னார். பாட்டனார் கட்டிய வீட்டை உலகம் பார்க்கட்டும் என்று நாராயணசாமியும் சம்மதித்தார். சின்னப்பொண்ணை மாடுகளுக்குக் காவலாக விட்டுவிட்டு, குடும்பத்தோடு சங்கராபுரத்து மாமனார் வீட்டில் போய்த் தங்கினார். மேனேஜர் சொன்னது பொய்யில்லை. பெரிய குடும்பத்தின் கதைதான். இடைவேளைக்குள் அந்தப் பெரிய குடும்பம் மொத்தமும் செத்துப்போகிறது. அதன் பிறகு பேயாகத் திரும்பி வருகிறது.

படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு இந்தக் குடும்பம் ஏற்கெனவே போதுமான விளம்பரம் செய்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன். மூஞ்சி பூரா மாவ அப்பிக்கினு அலைஞ்சதுங்களப் பாத்து மாடு பாலே எறக்கல," என்றாள் சின்னப்பொண்ணு.

"மாட்ட வுடு. வர்ற ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு களமருதூர்க்காரங்க பொண்ணு பாக்க வராங்க," என்றார் செந்தமிழ்ச்செல்வி. "பேய் வூட்டுப் பொண்ணுன்னு பேரு வந்துட்டா இன்னாங்க பண்றது?"

மாப்பிள்ளை சிவசங்கருக்கு வேளாண்மை அலுவலகத்தில் வேலை. அவன் தகப்பனார் அய்யனார் கௌரவம் பார்க்கிறவர், சினிமா என்றாலே அந்த வீட்டில் ஆகாது என்று தரகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தனுஷாவோ மாப்பிள்ளை போட்டோவை வாங்கிப் பார்த்தவள் திருப்பித் தரவேயில்லை. நாராயணசாமி வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

"அதுவரைக்கும் ஒருத்தனும் அந்தப் படத்தைப் பாக்கக் கூடாது," என்றார் நாராயணசாமி. "இளஞ்செழியா, எழுது."

"நீங்க படத்தையே பாக்கலியே மாமா?"

"பாத்தாத்தான் எழுதணுமா?"

இளஞ்செழியன் யோசித்தான். "அப்படி ஒண்ணும் சட்டம் இல்ல. எழுதுறவன்ல பாதிப் பேரு பாக்காதவன்தான்."

'உண்மை ரசிகன்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கப்பட்டது. ஐந்துக்கு ஒரு ஸ்டார். நாராயணசாமி எழுந்து நின்று, மேடையில் பேசுவதுபோல் சொல்லச் சொல்ல, மைத்துனன் செல்போனில் தட்டினான்.

"மதிப்பிற்குரிய ரசிகப் பெருமக்களுக்கு வணக்கம். இப்படத்தைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டாம். பார்த்தால் இரவில் உறக்கம் வராது. குழந்தைகள் அலறுவர். இதய நோயாளிகளின் நிலை சொல்லத் தரமன்று."

மறுநாள் படக் கம்பெனியே அதை எடுத்துப் பெரிய எழுத்தில் விளம்பரமாகப் போட்டது. 'உறக்கம் வராது! குழந்தைகள் அலறுவர்! உண்மை ரசிகன்.' கள்ளக்குறிச்சித் தியேட்டரில் மாலைக் காட்சிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

"பேய்ப் படத்துக்குப் போயி பயமா இருக்குன்னு எழுதினா கூட்டம் வராம இன்னாப்பா வரும்?" என்றாள் தனுஷா.

"அப்ப மாத்தி எழுதுவோம். பயமே இல்லன்னு போடு."

இரண்டாவது கருத்து இப்படிப் போனது: "முன்னர்க் கூறியதைத் திரும்பப் பெறுகிறேன். இப்படத்தில் அச்சம் என்பது அறவே இல்லை. பேய்க்கு நடிக்கத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் பயம் வரவில்லை, பரிதாபமே வருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள்போல் நிற்கிறாள்."

காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் 'நடுநிலையாளன்'. "படத்தில் உருப்படியாக இருப்பது பேய் ஒன்றுதான். என்ன கம்பீரம்! வீடுதான் சகிக்கவில்லை. அதில் வௌவால்கூடக் குடியிருக்காது."

"வுடுங்க. எவனோ ஒருத்தன்," என்றார் செந்தமிழ்ச்செல்வி.

"வௌவால் குடியிருக்காதாமா? பின்கட்டுல எத்தனை தொங்குது, வந்து எண்ணச் சொல்லு அவன!"

அன்று தொடங்கியது சண்டை. கரும்பு வெட்டுக்கு ஆள் பார்க்கப் போகவேண்டியவர் போகவில்லை. ஊர்ச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததா என்று கேட்கவும் இல்லை. மைத்துனனைப் பக்கத்திலேயே இருத்திக்கொண்டார். பேயின் நடை சரியில்லை என்று இவர் எழுதினால், வீட்டின் தூண் கோணல் என்று நடுநிலையாளன் எழுதினான். பேய்க்கு வயதாகிவிட்டது என்று இவர் எழுதினால், வீட்டுக்கு அதைவிட வயதாகிவிட்டது என்று பதில் வந்தது.

கடைசியில் நாராயணசாமியால் பொறுக்க முடியவில்லை. "எழுது! அறிவிலியே, அது செட் அன்று. அசல் பர்மா தேக்கு. கூடத்துத் தூண் ஒவ்வொன்றும் ஒரே மரம்."

"மாமா, வூடு நெஜம்னு தெரிஞ்சிடுமே!"

"தெரியட்டும். எந்த ஊர்லன்னு தெரியாம இருந்தா சரி."

வீடு எங்கே, எங்கே என்று ஊரே கேட்க ஆரம்பித்தது. இளஞ்செழியன் தன் புத்தியைப் பயன்படுத்தி, கல்வராயன் மலைக்குள் இருக்கிறது என்று எழுதிவைத்தான். பைக்குகள் மலையேறின. வெள்ளிமலைப் பக்கம் பேய் வீடு கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு வழி சொல்லியே மலைக்காரர்கள் களைத்துப்போனார்கள்.

அதற்கும் ஒருவன் முற்றுப்புள்ளி வைத்தான். பெயர் ஜுனைத். கள்ளக்குறிச்சியில் துணிக்கடைக் குடும்பம். படம் பார்த்துவிட்டு வீடியோவில் விமர்சனம் சொல்கிறவன். டிரெய்லரை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். "மக்களே, பேய் நிக்கிற ஜன்னலுக்குப் பின்னாடி நல்லாப் பாருங்க. புகைபோக்கி. மலை மேல ஏதுங்க சர்க்கரை ஆலை?"

வீடியோவைப் பார்த்ததும் நாராயணசாமி பெயிண்டருக்கு ஆள் அனுப்பினார். அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாங்கி மிஞ்சிய ரோஸ் நிறம். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீடு உள்ளும் புறமும் ரோஸாகிவிட்டது.

சின்னப்பொண்ணு தெருவில் நின்று பார்த்தாள். "அந்தப் பேயே நேர்ல வந்தாலும், இது வேற வூடுன்னு திரும்பிப் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மூவர்: அய்யனார், அவர் மனைவி மலர்விழி, மாப்பிள்ளை சிவசங்கர். காரிலிருந்து இறங்கியதும் மலர்விழி வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வூடுதானா?" என்று கணவரிடம் கேட்டார். பெயிண்டின் அழகில் மயங்கிவிட்டார் என்று நாராயணசாமி நினைத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக் கூடத்துக்குள் நுழையும் வாசல் நிலை தாழ்வானது. வருகிறவன் பணிந்து வரட்டும் என்று பாட்டனார் வேண்டுமென்றே அப்படி வைத்தார். முதல் தடவை வருகிற எவரும் அதில் தலை இடிக்காமல் நுழைந்தது கிடையாது. அய்யனார் இடித்துக்கொண்டார். சிவசங்கரும் இடித்துக்கொண்டான். மலர்விழி மட்டும் கையில் பூவும் பழமுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, அளவாகக் குனிந்து உள்ளே வந்தார்.

"இன்னா பணிவு பாருங்க," என்று செந்தமிழ்ச்செல்வி கணவரிடம் முணுமுணுத்தார்.

கூடத்தில் புழுக்கம். பெயிண்ட் வாடை வேறு. மலர்விழி தூணோரம் கையை நீட்டி, காலண்டருக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுற்றியது.

"வந்ததும் வூட்டு மனுஷி மாதிரி ஆயிட்டீங்களே!" என்று நாராயணசாமி மகிழ்ந்தார்.

மலர்விழி சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, கணவரின் காதில் ஏதோ சொன்னார். அய்யனாரின் முகம் வெளுத்தது. அவர் பின்னால், இன்னும் காயாத சுவரில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் ரோஸ்.

"பரவால்லீங்க," என்றார் அய்யனார், எங்கோ பார்த்துக்கொண்டு. "எங்க வூட்ல சினிமாப் பேச்சே கெடையாதுங்க."

யாரும் சினிமாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் நாராயணசாமிக்கு நிம்மதியாக இருந்தது. "எங்க வூட்லயும் அப்படித்தாங்க. இந்தக் காலத்துல சில பேரு, ஸ்டார் போட்டுக்கினு, சண்டை போட்டுக்கினு..."

"வேலையத்தவனுங்க!" என்றார் அய்யனார்.

"வேலையத்தவனுங்க!" என்றார் நாராயணசாமியும்.

இளஞ்செழியன் செல்போனை மடிக்குள் செருகிக்கொண்டான். தனுஷா காபித் தட்டோடு வந்தாள். சிவசங்கர் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பைக் நின்றது.

நாராயணசாமி ஓடினார். வாசலில் ஜுனைத் நின்றிருந்தான்.

"வணக்கம் ஐயா. இந்த வூடு..."

"இது இல்ல. ரோஸ் கலர்ல எங்கியாவது பேய் வூடு இருக்குமா?"

"நான் பேய் வூடுன்னே சொல்லலீங்களே ஐயா."

நாராயணசாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜுனைத் மிகவும் பணிவாகச் சொன்னான்: "படத்துக்கு ரெண்டு ஸ்டார்தான் குடுத்தேன் ஐயா. வூட்டுக்குன்னு தனியா அஞ்சு குடுத்தேன். அந்தத் தூணு ஒண்ணொண்ணும் ஒரே மரமாமே? ஒரு வாட்டி தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்."

இங்கேதான் நாராயணசாமி தோற்றார். ஒரு வாரமாக ஊரறிய ஏச்சு வாங்கிய வீட்டுக்கு ஐந்து கொடுத்தவனை, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலோடு திருப்பி அனுப்புவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

"உள்ள வா தம்பி. தண்ணி குடிச்சிட்டு, வாயத் தொறக்காம போயிடணும்."

ஜுனைத் உள்ளே வந்தான். நிலையில் தலையை இடித்துக்கொண்டான். நெற்றியைத் தேய்த்தபடி அண்ணாந்து பார்த்தவன், சந்தோஷம் தாங்காமல் கத்தினான்: "இதே நிலைதான்! பேய் வந்து நிக்குமே, இதே நிலைதான்!"

அய்யனார் எழுந்தார். "மலரு, எழுந்திரு. போலாம்." மலர்விழி ஏற்கெனவே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பாதிக் கூடம் கடந்திருந்தார்.

"அப்பா, கொஞ்சம் இருங்க," என்றான் சிவசங்கர். அவர் காதில் வாங்கவில்லை. தனுஷா நீட்டிய காபியை யாரும் எடுக்கவில்லை.

நாராயணசாமி நிலையை மறித்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "கோவிச்சிக்காதீங்க. ஷூட்டிங்குக்கு விட்டது என் தப்புதான். அதுக்காக எம் பொண்ண வேணாம்னு போயிடாதீங்க. சத்தியமா சொல்றேன், இந்த வூட்டுக்கும் பேய்க்கும் எந்தச் சம்பந்தமும் கெடையாது."

பின்கட்டிலிருந்து பால் சொம்போடு வந்த சின்னப்பொண்ணு, விலகிய முந்தானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யம்மா! இன்னா, காப்பி குடிக்காம கெளம்பிட்டீங்க? ஷூட்டிங் அப்ப ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பீங்களே! மூஞ்சில மாவு இல்லியா, எனக்குச் சட்டுனு அடையாளம் தெரியல. மொத நாளு இந்த நிலையில நெத்திய இடிச்சிக்கினு அழுதீங்களே, குனிஞ்சி வரணும்னு நான்தான சொல்லிக் குடுத்தேன்?"

அய்யனார் மெதுவாக உட்கார்ந்தார். மறுபடியும் ஈரச் சுவரில் சாய்ந்துதான்.

மலர்விழி முந்தானையை இறக்கினார். "கல்வராயன் மலை அருவியில குளிச்சிட்டுத் தலைய விரிச்சி ஆத்திக்கினு நின்னேன். அந்த டைரக்டரு பாத்துட்டு, நீங்கதாம்மா எங்க பேயின்னாரு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இவரு சொல்லிட்டாரு. சொன்ன மனுஷன் சும்மா இருக்கணுமில்ல? எவனோ உண்மை ரசிகனாம். நான் அடுப்புல பால வெச்சிட்டு வந்தவ மாதிரி நிக்கிறேன்னு எழுதிட்டானாம். வாரம் பூரா அவனோட மல்லுக்கு நின்னாரு."

நாராயணசாமி இருமினார். இளஞ்செழியன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதை அய்யனார் பார்த்துவிட்டார்.

"பாலு..." என்றார் அய்யனார்.

"வௌவாலு..." என்றார் நாராயணசாமி.

நாராயணசாமி கைகூப்பினார்.

"சத்தியமா நான் அந்தப் படத்தையே பாக்கலீங்க, சம்பந்தி."

"நான் மட்டும் பாத்தேனாங்க, சம்பந்தி?"

ஜுனைத் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப இங்க படத்தைப் பாத்தவன் நான் ஒருத்தன்தானா?"

தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. தட்டு மாற்றுவதற்கு முன்பு வேறொரு மாற்றம் நடந்தது. நடுநிலையாளன் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் போட்டார். உண்மை ரசிகன், "பேய் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிகிறது" என்று எழுதி, அவரும் ஐந்து போட்டார்.

பெண் பார்க்கும் நாளில் நாராயணசாமி வீட்டுக்குள் பேய் புகுந்துவிட்டதாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. பேய் புகவில்லை. முறைப்படி அழைத்ததன் பேரில், பூவும் பழமும் தட்டில் ஏந்தி, மாப்பிள்ளையின் தாயாராக முன்வாசல் வழியேதான் வந்தது. நிலையில் தலைகூட இடித்துக்கொள்ளவில்லை.