கெஞ்சினால்தான் விரதம்

துறவிகளில் ஒரு ரகம் உண்டு. காட்டுக்குப் போகமாட்டார்கள், காட்டில் யார் பார்ப்பார்கள்? டீக்கடை நடுவில் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி, "எனக்கு வேண்டாம், விட்டுட்டேன்" என்பார்கள். இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி வேண்டுமென்றால், எண்பதுகளில் தருமபுரியில் குமாஸ்தாவாக இருந்த ஸ்தனிஸ்லாஸைத்தான் காட்ட வேண்டும்.

தவக்காலத்தில் இறைச்சியை விட்ட மற்றவர்கள் ஈஸ்டரன்று பிரியாணியில் இறங்கினார்கள். ஸ்தனிஸ்லாஸுக்கு மட்டும் ஈஸ்டர் வரவேயில்லை. இறைச்சியை விட்டார், மீனை விட்டார், சர்க்கரையை விட்டார், தலையணையை விட்டார்; டி.வி. வந்த புதிதில் அதையும் விட்டு, விட்ட சேதியைச் சொல்ல வெள்ளிக்கிழமை பாட்டு நேரத்துக்குச் சரியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், கடைசிப் பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே சொன்னார். ஏன் உட்காரவில்லை? நாற்காலியையும் விட்டிருந்தார்.

இத்தனை துறவும் ஓடியது மனைவி ஞானமேரியின் புண்ணியத்தில். "ஒரு வாய் சாப்புடுங்க" என்று அவள் கெஞ்ச வேண்டும், அவர் மறுக்க வேண்டும், அவள் கண் கலங்க வேண்டும், அவர் புன்னகைக்க வேண்டும். அந்தப் புன்னகையின் ருசி எந்தக் குழம்பிலும் கிடையாது. ஞானமேரிதான் பாவம், எதிரில் ஒருவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்க, எதையும் ருசித்துச் சாப்பிட்டுப் பல வருஷமாகியிருந்தது.

ஒரு கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஏறினார்கள். அருவியில் குளித்துவிட்டு முனியம்மாளின் மீன் கடைக்கு வந்தார்கள். மசாலா பூசிய மீன் கல்லில் சீறிக்கொண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனக்கு வேண்டாம்."

"சரிங்க" என்றாள் ஞானமேரி. பிள்ளைகளுக்கும் தனக்கும் வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள்.

அவர் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"மீனைத்தான் விட்டுட்டேனே!" என்றார், கொஞ்சம் உரக்க.

"தெரியுமுங்க. இன்னைக்கு நானும் ஒண்ணு உட்டுட்டேன்."

"எதை?"

"உங்களச் சாப்புடச் சொல்றத." முள்ளை நீக்கி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கெஞ்ச ஆளில்லாத துறவி என்ன செய்வார்? இத்தனை வருஷப் பசியும் சேர்ந்து எழுந்துகொண்டது. நைசாகக் கடைப் பக்கம் ஒதுங்கினார்.

"ஏம்மா, என்னை ஒரு துண்டு சாப்பிடச் சொல்லு."

"ஐயோ, விரதமுன்னீங்களே சார்! அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க?" என்றாள் முனியம்மாள்.

"சும்மா சொல்லு. நான் வேண்டாம்னுதான் சொல்லப்போறேன்."

"அப்புறம் எதுக்குங்க சொல்லணும்?"

பரிசல்காரரிடம் போனார். "நீங்க சாப்புடாட்டி நல்லதுங்க, பரிசல்ல பாரம் கொறையும்" என்றார் அவர்.

ஸ்தனிஸ்லாஸ் திரும்பிவந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னும் இருக்கா?" என்றார். அவருக்கே கேட்டிருக்காது.

ஞானமேரி இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தின்றார். தலையையும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது; காரம் என்றார். ஞானமேரி சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் தின்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார்கள்.

மனிதர் திருந்திவிட்டார் என்கிறீர்களா? திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டரிடம், பஸ் முழுக்கக் கேட்கும்படி, "சார், நான் விரதத்தையே விட்டுட்டேன்!" என்று ஆரம்பித்தவர் பென்னாகரம் தாண்டியும் நிறுத்தவில்லை. வயிறு நிறைந்த ஞானமேரி அவர் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாமென்று கையை ஆட்டினீர்களே, பரிமாறியவர் மறுபேச்சில்லாமல் அடுத்த இலைக்குப் போனபோது, அந்த வாளிக்குப் பின்னாலேயே உங்கள் கண் எவ்வளவு தூரம் போனது?