இறக்கை வைத்த வள்ளம்

எதையும் தெரியாது என்று சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. (இப்போதும் கிடையாது. வீட்டில்தான் நம்புவதை நிறுத்திவிட்டார்கள்.) இருபத்தேழு வயதில் இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. அப்பா திரேஸ்புரத்தில் வள்ளம் கட்டுகிறவர். எனக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை. உளியைத் தொட்டதெல்லாம் பென்சில் சீவத்தான்.

மெர்சியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். "பையனுக்குக் கைவேலை ஏதும் தெரியுமா?" என்று அவள் அப்பா விசாரித்தாராம். அந்த நேரம் பார்த்து அவள் தம்பி அந்தோணி கப்பலிலிருந்து விடுமுறையில் வந்தான். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் ஒன்று செய்து வைத்திருந்தான். அதைக் கடலிலிருந்து கிளப்ப, சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவை மாட்ட வேண்டுமாம். ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்த வரைபடத்தோடு என்னிடம் வந்தான்.

"அத்தான், செஞ்சு தருவியளா?"

(நிச்சயம் ஆகும் முன்பே அத்தான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.)

"வள்ளம் கட்டுற வீட்டுல வந்து கேக்குற கேள்வியா இது?" என்றேன்.

தெர்மோகோலை அறுத்து, மேலே மெல்லிய ஒட்டுப்பலகை ஒட்டினேன். ஒன்றுதான் உறுத்தியது. மிதவையின் அடியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. வள்ளத்தின் அடி வழவழவென்று இருக்க வேண்டும் என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். வரைந்தவன் கடலையே பார்க்காத மடையன் என்று முடிவுகட்டி, படியை நிரப்பித் தேய்த்து, மூன்று தடவை வார்னிஷ் அடித்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "படத்துல ஏதோ வெட்டு இருக்கேலே."

"உங்களுக்கு பிளேனப் பத்தித் தெரியாதுப்பா." (எனக்குத் தெரிந்த பிளேன், தலைக்கு மேலே போவது மட்டும்.)

சனிக்கிழமை காலை மெர்சி வீட்டார் மொத்தமும் கரைக்கு வந்துவிட்டார்கள். என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிச்சயத்துக்கு நாள் குறிப்பது என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்தோணி ரிமோட்டை முடுக்கினான். விமானம் தண்ணீர் மேல் ஓடியது. இன்னும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"எந்திரிக்க மாட்டேங்குதே. அடியில படி வச்சியள்லா?"

"நிரப்பிட்டேன். பாக்க நல்லா இல்ல."

அவன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் அடியைக் கவ்விப் பிடிக்குமாம். அந்தப் பிடியை அறுத்துவிடத்தான் படியாம். அவன் இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் விமானம் ரிமோட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

அரைமணி கழித்து, பிடித்த மீனோடு கரை திரும்பிய வள்ளத்தில் அதுவும் வந்தது. வள்ளக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, "ஏலே, யாரு வள்ளம்லே இது? ரெக்கை வச்சிருக்கு" என்றார். கரையே சிரித்தது. மெர்சி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணம் அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவள் அப்பா சிரிக்கவில்லை. விமானத்தை வாங்கிக் கவிழ்த்தார். மிதவைகளின் ஒட்டுகளை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போயிருக்கவில்லை.

"இவருக்கு ஒரு மண்ணும் தெரியலப்பா" என்றான் அந்தோணி.

"அரைமணி கடல்ல கெடந்தும் முங்கலேல்லா" என்றார் அவர். "நாளக் குறிங்க."

விமானம் பிறகு அந்தோணியே செய்த மிதவையில் பறந்தது. நான்தான் இன்னும் பறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணியடித்தும் நான் போர்வைக்குள் கிடந்தால், மகள் வந்து உலுக்குவாள். அடுக்களையிலிருந்து மெர்சியின் குரல் வரும்:

"ஏளா, விடு. ஒங்கப்பாவுக்கு அடியில படி வெட்டல. எந்திரிக்க மாட்டாரு."