ஐம்பத்தோராம் பக்கம்

விசுவாசத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவனிடம் அந்தப் பொறுப்பை யாராவது ஒப்படைத்திருக்க வேண்டும். என்னிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் இளைஞர் குழுச் செயலாளர். (குழுவில் மொத்தம் ஒன்பது பேர். அதில் நாலு பேர் கேரம் போர்டுக்காக வந்தவர்கள்.)

அந்த வருடம் ஒரு நாவல் சக்கைப்போடு போட்டது. இயேசுவின் சீடர் ஒருவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்களாம். அதை மறைக்க ஒரு ரகசியக் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கொலை செய்கிறதாம். தி.நகர் நடைபாதையில்கூடக் குவித்து வைத்து விற்றார்கள். அந்த மட்டமான காகிதக் கட்டு திருச்சபையையே சாய்த்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். படிக்கவில்லை. படித்தால் என் விசுவாசம் போய்விடுமோ என்று பயம்.

ஸ்டெல்லா அக்கா படித்தாள். கிண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அம்மா போன பிறகு பள்ளியையும் எங்கள் வீட்டையும் சேர்த்து இழுத்தவள். ஞாயிறு இரண்டாம் பூசையில், பைபிள் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலைப் பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் பாடினாள். அவளுக்கென்று வாரத்தில் இருந்தது அந்த நாலு நிமிடம் மட்டும்தான்.

இது பாவம் என்று அவளிடம் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேதுருவுக்கு மாமியார் இருந்தாங்கன்னு சுவிசேஷத்துலயே வருது. பொண்டாட்டி இல்லாம மாமியார் எங்கேர்ந்துடா வந்தாங்க?"

பதில் இல்லாதவன் தீர்மானம் போடுவான். அந்த நாவலை வைத்திருப்பவர்கள் பீடத்தில் வாசகம் படிக்கவோ பாடவோ கூடாது என்று பங்குப் பேரவையில் முழங்கினேன். ஃபாதர் தயங்கினார். நாவலைப் படிக்காத மற்ற எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவை மாட்டிவிடும் எண்ணம் எனக்கு இல்லை, சத்தியமாக. அவள் புத்தகத்தை நானே எடுத்து ஒளித்துவிட்டால் அவளிடம் நாவல் இல்லையே. (அன்றைய என் மூளை அவ்வளவுதான்.)

எதைக் கண்டிக்கிறோம் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒளித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதல் பக்கத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அதைத் தொடாமல், உள்ளே ரொம்ப மோசமான நாலு பக்கங்களைத் தேடி, பாவமான வரிகளை அடிக்கோடிட்டு, இருநூறு பிரதி எடுத்தேன்.

"இன்னா சார், மிச்சம் இல்லியா? கதை பாதில நிக்கிது" என்றார் கடைக்காரர். விசுவாசம் இப்படித்தான் அழிகிறது என்று அவரை முறைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோர் கையிலும் திணித்தேன். படித்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு பாடகர் குழு மாடியிலிருந்து இறங்கி வந்த அக்காவைப் பார்த்தார்கள். எங்கள் ஆர்கன் வாசிப்பவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, கீழ இருக்கறது ஸ்டெல்லா கையெழுத்தாச்சே" என்றார்.

யாராவது திருடினால் தன்னுடையது என்று நிரூபிக்க, அக்கா தன் எல்லாப் புத்தகங்களிலும் ஐம்பத்தோராம் பக்கத்திலும் பெயர் எழுதுவாளாம். அவளிடம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஒரே வீட்டில் அவள் சமையலைச் சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. நான் எடுத்த நாலில் அந்தப் பக்கமும் ஒன்று, அதில் நான் பாவத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கங்களால் ஒருவர் விசுவாசமும் அசையவில்லை. அடுத்த ஞாயிறும் உட்கார இடமில்லை. நற்கருணை வரிசையில் ஒரு ஆன்ட்டி, அந்த மனைவி கடைசியில் பிழைத்தாளா என்று என் காதில் கேட்டார். ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே. தம்பியே போட்டதை அக்காவுக்காக மாற்றினால் நாலு பேர் பேசுவார்கள் என்றார் பேரவைத் துணைத் தலைவர். நான் எழுந்து, வாபஸ் வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழவில்லை. அந்த நாவலில் அத்தனை கொலை நடந்தும் இவ்வளவு கேவலமான ஆள் ஒருவன்கூட இல்லை.

பதிலுரைப் பாடலை வேறு யாரோ பாடினார்கள், சுருதி சேரவில்லை. அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் கோயிலுக்கு வரவில்லை.

பல வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் மதியம் என் மகள் அவளிடம் கேட்டாள். அந்த நாவல் படித்ததால்தான் அத்தை கோயிலுக்கு வருவதில்லையா என்று. அக்கா என் தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாவல்ல வந்தவன் எவனும் எனக்குத் தம்பி இல்லடி."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அக்காவே நடித்துக் காட்டுகிறாள். நானும் எல்லோரோடும் சிரிக்கிறேன். ஒரு பாட்டுப் பாடு என்று மட்டும் அவளை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவன் நான்.