மூன்று தூக்குத் தயிர் சாதம்

வாயைத் திறப்பதற்கு முன் தயங்கித் தயங்கியே என் ஆயுளில் பாதி போய்விட்டது. அதனால் மருமகள் ஜெயந்தி, "இனிமே யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. எல்லாம் கம்ப்யூட்டர்லதான்" என்றபோது மனதுக்குள் கற்பூரம் ஏற்றினேன்.

வீடுகளில் நெட் வந்த புதிது. தலைநகரில் மோதி பாக்கில் நான், கோல் மார்க்கெட்டில் கமலம் அக்கா, புசா ரோட்டில் பார்வதி, மூவரும் அவரவர் வீட்டில் சமைத்து ஆபீஸ்களுக்கு அனுப்ப நினைத்தோம். யார் என்ன செய்வது என்று போனில் முடிவாவதற்குள் ("நீங்க சொல்லுங்க", "ஐயோ, நீங்க சொல்லுங்க") காய் வாடிவிடும். கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெயந்தி கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் போட்டாள். மூன்று வீட்டிலும் அதே பக்கம் தெரியும். சாம்பார் சாதம், புளியோதரை, தயிர் சாதம்; செய்யப்போவதற்கு நேரே டிக் போட்டால் போதும்.

"ஒரு ஆபீஸ்ல ஃபர்ஸ்ட் ஆர்டர் அத்தை. நாளைக்கு சாம்பிள் பிடிச்சிட்டா தினமும் நம்மகிட்டதான் வாங்குவாங்க."

சாயங்காலம் பார்த்தால், கமலம் அக்கா தயிர் சாதத்துக்கு டிக் போட்டிருந்தார். எங்களில் மூத்தவர், அவர் சாம்பார் தெருமுனை வரை மணக்கும். அதை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தான் எளியதை எடுத்துக்கொள்கிறாரே என்று கூசிப்போனேன். நானும் தயிர் சாதத்துக்கே டிக் போட்டேன், அதைப் பார்த்து அவர் மாறிக்கொள்வார் என்று (நேரில் என்றால் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்). பார்வதியோ எங்கள் இருவருக்கும் சின்னவள். அவளும் அதற்கே டிக் போட்டாள். மற்ற இருவரும் மாறிவிடுவார்கள் என்று மூவருமே நம்பினோம்.

மறுநாள் ஜனவரிக் குளிரில் ஆளுக்கொரு தூக்கோடு அந்த ஆபீஸில் போய் நின்றோம். மேனேஜர் கோட்டும் மஃப்ளருமாக வந்து முதல் தயிர் சாதத் தூக்கைத் திறந்தார்.

"தஹி சாவல். அச்சா."

இரண்டாவதைத் திறந்தார். "யே பி?" (இதுவுமா?)

மூன்றாவதன் மூடியைப் பார்வதி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"விடுடி, தெரியத்தானே போகுது" என்றார் கமலம் அக்கா.

"இந்தக் குளிரிலா, மாதாஜி?" என்று மேனேஜர் இந்தியில் கேட்டார். கமலம் அக்கா என்னைப் பார்க்க, நான் பார்வதியைப் பார்க்க, பார்வதி கூரையைப் பார்த்தாள். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இதுல அனார் போட்டிருக்கு ஜி."

மாதுளம்பழத்துக்காக ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். இருமினார். "ஜூன் மே ஆயியே" என்றார், ஜூனில் வாருங்கள் என்று.

வீட்டில் ஜெயந்தி தலையில் கைவைத்தாள். "மூணு டிக்கும் ஒரே இடத்துல இருக்கே அத்தை, ஒருத்தர்கூடவா பாக்கல?"

"பாத்தோமே. பாத்துட்டுத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

ஜூனில் வெட்கத்தை விட்டுப் போனோம். கோடை முழுக்க எங்களிடம் வாங்கினார்கள். டிக் போடும் வேலையை மட்டும் ஜெயந்தி தானே எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் வீட்டில் கடைசி வடைக்கு "நீங்க எடுத்துக்குங்க", "இல்ல, நீங்க" என்று யாராவது ஆரம்பித்தால், என் மகன் தட்டிலிருந்து நிமிராமலே சொல்வான்:

"அம்மா, தயிரை எடுத்து வை."