சுருண்ட பத்திரத்தைச் சச்சிதானந்தன் பணியவைத்த படலம்

வாழிய சச்சிதானந்தனே! கொக்குவில் ஊர் ஈன்ற குலக்கொழுந்தே, சிட்னி மாநகர் நூலகமொன்றின் நிலவறையில் தற்காலிகக் கிளாக்கராய்த் தவமியற்றும் தளராத் திறலோனே, தடித்த கண்ணாடிக்குள் தணல்விழி மறைத்த தகையோனே, உன் புகழ் பாடப் புகுந்தோம்! கலைவாணி எம் நாவில் வந்தமர்க. நிலவறைக்குள் குளிருமாதலால் ஒரு கம்பளியும் கொண்டு வருக.

எழுபத்து நான்காம் ஆண்டு, ஆடி மாதம், எலும்பைக் கவ்வும் குளிரில் ஒரு வியாழக்கிழமை. வேல்ஸ் நாட்டுப் பண்ணையார் பரம்பரையொன்று நூலகத்தின் தலையில் கட்டிவிட்டுப் போன முந்நூற்றைம்பது ஆண்டுப் பழம்பத்திரம் அவன்முன் கிடந்தது. ஆட்டுத்தோலில் எழுதி, அரக்கு முத்திரை தொங்கவிட்டு, இத்தனை காலமும் சுருண்டே உறங்கிய அந்தத் தோல், விரி என்றால் மாட்டேன் என்றது. அதன் கடைசி வரியைப் படித்து, எந்த நிலம் என்ன குத்தகைக்குப் போனது என்று ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் ஊரில் காத்திருக்கும் ரஞ்சினிக்கு விசா. தாலி கட்டிய மூன்றாம் நாள் விமானம் ஏறியவன், பாவம், வேறென்ன செய்வான்!

எடுத்தான் ஈயக்கட்டிகளை! மூலைக்கொரு காவலனாய் நால்வரை நிறுத்தினான். முந்நூற்றைம்பது ஆண்டுக்குமுன் செத்த ஆடு சிலிர்த்தெழுந்து நால்வரையும் உதறித் தள்ள, அவருள் ஒருவர் நம் வீரனின் கால் பெருவிரலிலேயே வீரமரணம் எய்தினார். "ஐயோ, அம்மா!" எனும் போர்முழக்கம் நிலவறையை உலுக்கியது. வெகுண்டான் வீரன். வலக்கை ஒரு மூலை, இடக்கை ஒரு மூலை, முழங்கை இரண்டும் மற்ற இரு மூலை எனப் பத்திரத்தின்மேல் பல்லியாய்ப் படிந்தான். பணிந்தது தோல்! தெரிந்தது கடைசி வரி! அந்தோ, பென்சில் பிடிக்க இன்னொரு கை இல்லை.

அடுத்த மேசைக் கிளாக்கரோ கும்பகோணத்துச் சிங்கம் கிருஷ்ணசாமி. "உங்க ஊர்த் தோசை தோசையே இல்லய்யா, ஊத்தப்பத்துக்குச் சித்தப்பா" என்று அச்சிங்கம் கர்ஜித்த நாள்முதல் இருவருக்கும் பேச்சில்லை. "இனி உம்மட சட்னியை என்ர நாக்குத் தீண்டாது!" என்று அன்றே சபதமும் செய்திருந்தான் சச்சிதானந்தன். இப்போது ஐந்தடிக்கச் சில நிமிடமே இருந்தது. மானமா, மனைவியா? நெஞ்சு இரண்டாகப் பிளக்க, முழங்கை நான்காக வலித்தது.

"கிருஷ்ணசாமி அண்ணை! நான் வாசிக்கிறன், நீங்கள் எழுதுங்கோ!"

சிங்கம் ஆற அமரப் பென்சிலைச் சீவியது. "எழுதறேன். ஆனா நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுச் சட்னியத் தொட்டுச் சாப்பிடணும். சம்மதமா?"

"ஓம்!" என்று விண்ணதிர விளம்பினான் வீரன்.

வாய்க்குள் அடங்காத வேல்ஸ் ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னான் வீரன், எழுதியது சிங்கம். அரை ஏக்கர் சேறு, ஒரு பன்றிக்கொட்டில், குத்தகையாக, கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு இரண்டு கொழுத்த கோழி. இதற்குத்தானா இத்தனை முத்திரை! ஐந்தடித்ததும் வந்த தலைமை அதிகாரி அம்மையார் தாளைப் படித்தார், தலையசைத்தார், வேலை நிரந்தரம் என்று கையொப்பமிட்டார். ஆனந்தத்தில் நம் வீரன் கையை எடுக்க, தோல் மீண்டும் சுருண்டு அவன் கழுத்துப்பட்டியையும் உள்ளே சுருட்டிக்கொண்டது. அதை உருவி எடுத்தவரும் கிருஷ்ணசாமியே.

மறுநாள் மத்தியானம் சச்சிதானந்தன் தோசையைச் சட்னி தொட்டுச் சாப்பிட்டான்.