இருநூற்றுத் தொண்ணூற்றொரு நீர்க்காகங்கள்

கிருலப்பனை,
கொழும்பு.

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

முதற்கண் என் பணிவான வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் உடம்பளவில் சுகம். மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடந்த மாதம் தங்கள் வாசகர் பக்கத்தில் ‘வாவியை விழுங்கும் நீர்க்காகங்கள்’ என்று ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் ‘வாவி நேசன்’. அந்த வாவி நேசன் அடியேன்தான். எங்கள் தொடர்மாடிக்குப் பின்னாலுள்ள வாவியில் நீர்க்காகங்கள் மூன்றே மாதத்தில் நாற்பத்திரண்டிலிருந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாகப் பெருகிவிட்டன, மீனெல்லாம் அவற்றின் வயிற்றுக்குள் போய்விட்டது, பொறுப்பானவர்கள் தூங்குகிறார்களா என்று அதில் சீறியிருந்தேன். தாங்களும் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். நான் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். இப்போது அந்த இடத்தில் நாட்காட்டி தொங்குகிறது.

நடந்தது இதுதான். ஜனவரியில் நான் தனியாகக் காலைநடை போனேன், வாவியைச் சுற்றி வந்து வாங்கில் உட்கார்ந்து எதிர்மரத்தில் இருந்த நீர்க்காகங்களை எண்ணினேன், நாற்பத்திரண்டு. அடுத்த வாரம் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நபீஸ் ஹாஜியார் சேர்ந்துகொண்டார், அவரும் எண்ணினார், இருவரின் தொகையையும் கூட்டினேன், எண்பத்தைந்து. எனக்குப் பகீரென்றது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக நடையில் சேர, நீர்க்காகங்களும் சேர்ந்துகொண்டே போயின, ஏப்ரலில் நாங்கள் ஏழு பேர், அவை இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிட்டதாகவே நான் நினைத்திருந்தேன். கொடுக்கவே இல்லை. ஒருவருக்கு நாற்பது வந்தது, இன்னொருவருக்கு நாற்பத்து நான்கு வந்தது, அதனால் சந்தேகமும் எழவில்லை. கடைசியாகச் சேர்ந்த பஸ்லா என்ற வங்கி உத்தியோகத்தர்தான், கடிதம் அச்சில் வந்து இரண்டு கிழமை கழித்து, மெல்லிய குரலில் கேட்டார்: “சேர், நாங்க எல்லாரும் ஒரே மரத்தத்தானே பாத்தோம்?”

ஆசிரியர் அவர்களே, நான் முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன். அந்த வாங்கு அப்படியே வாவிக்குள் இறங்கிவிடாதா என்றிருந்தது.

மீன் குறைந்ததற்கு என்ன ஆதாரம் என்று தாங்கள் கேட்கலாம். தினமும் காலையில் நான் பாண் துண்டு போடுவேன், மீன்கள் வரும். ஏப்ரலில் வரவில்லை. ஏழு பேர் சேர்ந்து கிரிக்கெட்டையும் பருப்பு விலையையும் உரக்கக் கதைத்துக்கொண்டு போனால் எந்த மீன் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. “நடக்கப் போனா நடந்திட்டு வாங்கோவன், உங்களுக்கு ஏன் இந்தப் பொல்லாப்பு?” என்று மனைவி அப்போதே சொன்னாள்.

கடிதத்தோடு போயிருந்தால் என் மானம் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் யாரோ ஓர் அதிகாரி தங்கள் பத்திரிகையை வாசித்துவிட்டார். வாவிக்கரையில் மூன்று மொழிகளிலும் பலகை வந்துவிட்டது: மீன்வளம் மீளும்வரை தூண்டில் போடத் தடை. காவலர் ஒருவரும் வந்தார், முதல் நாளே என் குடையைத் தூண்டிலோ என்று தடவிப் பார்த்தார். நீர்க்காகங்களுக்குத் தடை இல்லை. அவை அந்தப் பலகையின் மேலேயே ஏறி நின்று சிறகு காயவைக்கின்றன.

தடை விழுந்தது பழனிமுத்துவின் தலையில். புறக்கோட்டையில் மூட்டை சுமந்து இடுப்பு போனபின், பதினொரு வருடமாக இந்த வாவியில் தூண்டில் போட்டு, பிடித்ததை ஒழுங்கையில் விற்றுச் சீவிக்கிறவர் அவர். எங்கள் வாங்குக்குப் பக்கத்தில்தான் எப்போதும் குந்தியிருப்பார். எத்தனையோ தடவை எனக்குச் சும்மாவே திலாப்பியா தந்திருக்கிறார். தடைக்குப் பிறகு நான் பாதையையே மாற்றிக்கொண்டேன். ஆனாலும் போன செவ்வாய்க்கிழமை நான் வெளியே போகையில் தொடர்மாடிப் படலையடியில் மறித்துவிட்டார்.

“ஐயா, நீங்க படிச்ச மனுசன். எவனோ ஒரு மடையன், எண்ணத் தெரியாதவன், பேப்பர்ல என்னமோ எழுதிப்புட்டான். பதிலுக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதணும்யா.”

“நீர்க்காகம் கூடினதாலை மீன் குறைஞ்சதெண்டு...” என்று இழுத்தேன்.

“மீனில்லாத எடத்துல அதுக்கு என்னங்கய்யா வேல? அதுவும் புடிக்குது, நானும் புடிக்கிறேன். நாங்க சண்ட போட்டதே இல்ல.”

நான் தலையாட்டினேன். நான்தான் அந்த மடையன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே ஐயா, வேறு வாவிகளில் எப்படியோ நான் அறியேன், எங்கள் வாவியில் நீர்க்காகங்கள் பெருகவில்லை, எண்ணியவர்கள்தான் பெருகினோம். தடையை நீக்கும்படி வற்புறுத்தி இக்கடிதத்தைப் பெட்டி கட்டிப் பிரசுரிக்க வேண்டுகிறேன். ஒரே ஒரு பணிவான விண்ணப்பம்: என் சொந்தப் பெயர் வேண்டாம். பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, பழனிமுத்துவுக்குத் தெரியவே கூடாது.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க. தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு.

தலைகுனிவுடன்,
வாவி நேசன்

பிற்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பழனிமுத்து வந்துவிட்டார். தடையைப் பற்றிய பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். கதவடியில் நின்ற மனைவி, “முழுக்க வாசியுங்கோ” என்றாள். வாசித்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தெரியுங்கய்யா,” என்றார். “பேப்பர் வந்த அன்னைக்கே தெரியும். ஏழு பேரும் ஒரே மரத்த எண்ணுறப்ப நான் பக்கத்துலதானே குந்திக்கிட்டிருந்தேன்.”

“பிறகேன் என்னட்டை வந்து கேட்டனீர்?”

“நீங்க எழுதினாத்தானே பேப்பர்ல போடுறாங்க.”

ஆகவே, பெயரை மறைக்கச் சொன்னதைத் தயவுசெய்து அடித்துவிடவும். சி. சிவபாதசுந்தரம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்று முழுதாகவே போடவும்.