கொள்முதல் சித்தரும் முப்பத்தெட்டு மூட்டையும்

சாயல்குடிக் கடைவீதியில் அன்றைக்கு எல்லாக் கடையும் திறந்திருந்தது. கடைக்காரன்தான் ஒருத்தனும் இல்லை. மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகள் தாங்களே எடுத்துத் தின்றுவிட்டு, தாங்களே போதும் என்று சொல்லிக்கொண்டு போயின. முதலாளிமார்கள் அத்தனை பேரும் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில், ஈர வேட்டியும் தேங்காய்த் தட்டுமாக வரிசையில் நின்றார்கள். எதற்கு? மோட்சம் கேட்கவா? மோட்சம் யாருக்கு வேண்டும்! எத்தனை மூட்டை சரக்கு வாங்கிப் போடலாம் என்று கேட்கத்தான்.

சிரிக்காதீர்கள். அவர்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. யுத்த காலம் தொட்டு எங்கள் ஊரில் ரேஷன். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று சர்க்காரே சீட்டு எழுதிக் கொடுத்துவிடும். கடைக்காரன் இறக்கி வைத்து நிறுத்துப் போட்டால் போதும், யோசிக்கிற வேலையே கிடையாது. ஐம்பத்திரண்டில் திடீரென்று ரேஷனை எடுத்துவிட்டார்கள். இனி நீயே முடிவு செய்துகொள் என்றார்கள். பத்து வருஷம் பூட்டிக் கிடந்த மூளையைத் திறக்கச் சாவி தேடினால், சாவியைக் காணோம். சர்க்கார் விட்ட இடத்தைச் சாமியார் பிடித்துக்கொண்டார்.

அவர் பெயர் கொள்முதல் சித்தர். இமயமலையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தாராம். அங்கே அவருக்கு அண்டநாயகி அம்மன் காட்சி கொடுத்து, "போ, சாயல்குடிக்குப் போய் மளிகைக்கடைக்காரர்களைக் காப்பாற்று" என்றாளாம். அம்மனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

அருள்வாக்குக் கேட்கும் முறை இதுதான். கொட்டகையின் நடுவே ஒரு பெரிய பித்தளை அண்டா. அதில் ஆளுக்கு ஆள் புதிதாக ஊருணித் தண்ணீர். சித்தர் ஒரு கோழிமுட்டையை எடுத்து, அதற்கு 'அண்டம்' என்று பெயர் வைத்து, அண்டாவுக்குள் விடுவார். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு ஒரு சாக்கிலிருந்து 'மகாசூரணம்' என்கிற மஞ்சள் பொடியைப் பிடி பிடியாக அள்ளிப் போட்டு, வேப்பங்குச்சியால் கலக்குவார். ஒரு பிடிக்கு ஒரு மூட்டை கணக்கு. எத்தனையாவது பிடியில் முட்டை மேலே வருகிறதோ, அத்தனை மூட்டை அம்மன் உத்தரவு. மூட்டைக்கு இரண்டணா காணிக்கை. சூரணத்தை மட்டும் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தால் நாக்கு அழுகி விழுந்துவிடும்!

முதல் ஆளுக்கு முப்பத்தெட்டில் மிதந்தது. இரண்டாம் ஆளுக்கும் முப்பத்தெட்டு. மூன்றாம் ஆளுக்கு முப்பத்தேழு; அவன் மனைவி அன்று விரதம் இருக்கவில்லை, அதனால் ஒன்று குறைந்தது என்று சித்தர் விளக்கினார். எல்லோருக்கும் ஏன் முப்பத்தெட்டு என்று ஒருத்தனாவது கேட்டானா? "அம்மனுக்குப் பிடிச்ச நம்பர்ப்பா அது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விளைவைக் கேளுங்கள். குடைக்கடை அப்துல் ஹமீது பாய், "நம்பிக்கை வேற, யாவாரம் வேற" என்று ஓரமாக நின்று கேட்டவர், முப்பத்தெட்டுப் பெட்டி குடை இறக்கினார். மழை என்பதைச் செவிவழிச் செய்தியாக மட்டுமே அறிந்த ஊர் இது! கடைக்குள் இடமில்லாமல் பாய் வெளியில் உட்கார்ந்தார், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு. இட்டிலிக்கடைச் சோலையம்மாள் தினம் முப்பத்தெட்டுப் படி அரிசி நனைத்தாள். தெரு முழுக்க மூன்று வேளையும் இட்டிலி, நாய்க்கும் இட்டிலி. ஒரு வாரத்தில் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட மோசம் சாவுச்சாமான் கடை முனியசாமி. அவன் முப்பத்தெட்டுப் பேருக்கு வேண்டிய சாமான் வாங்கி அடுக்கிவிட்டான். அடுக்கியதோடு நின்றானா? காலையில் எழுந்து வீடு வீடாகப் போய், "பெரியய்யா, ஒடம்பு எப்பிடி இருக்கு? இருமல் கேட்டுச்சே?" என்று விசாரிக்க ஆரம்பித்தான். அவனைக் கண்டாலே ஊரில் வயசானவர்கள் ஓட்டம் எடுத்தார்கள். எழுபது வயசுக்காரர்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வாடகைச் சைக்கிள் வைத்திருந்த சின்னக்கருப்பனுக்கு மட்டும், ஒரு பிடிகூடப் போடுமுன்பே முட்டை மிதந்துவிட்டது. அழுகின முட்டை! வாடை பஸ்ஸுக்குள் இருந்தவர்களையே இறக்கிவிட்டது. "தெய்வ வாசம்" என்றார்கள். சித்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்குச் சரக்கே வேண்டாம் என்கிறாள் தாய்" என்றார். அவன் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போய்த் தூங்கினான். அந்த மாதம் ஊரிலேயே நஷ்டப்படாத ஒரே வியாபாரி அவன்தான்.

நீ யாரடா இவ்வளவு பேச என்கிறீர்களா? நான் மூக்குப்பொடிக் கடைக்காரன். முப்பத்தெட்டு டின். இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் கூத்தையாவின் முறை வந்தது. கூத்தையா வெங்காயக்கடைக்காரன். சாதுவான மனுஷன், யார் எது சொன்னாலும் தலையாட்டுவான். அவனுக்கும் முப்பத்தெட்டு. வீட்டுக்குப் போய் மனைவி பூமயிலிடம் சொன்னான்.

"ஏத்தா, முப்பத்தெட்டு மூட்ட வெங்காயம். நாளைக்குச் செவ்வாக்கெழம லாரிக்காரன்கிட்ட ரூவா கட்டிரணும். ஆட்டு யாவாரியை மத்தியானத்துக்கு வரச் சொல்லிட்டேன்."

"ஆட்டு யாவாரி எதுக்கு?"

"நம்ம பன்னெண்டு ஆட்டையும் குடுத்தாத்தான் அம்புட்டுப் பணம் சேரும்."

போன இரண்டு வருஷமும் மழை பொய்த்தபோது அந்த வீட்டுக்குக் கஞ்சி ஊற்றியவை அந்தப் பன்னிரண்டு வெள்ளாடுகள்தான். அவை போனால் அடுத்த வறட்சிக்கு நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் பிழைக்கப் போக வேண்டியதுதான்.

"வாரத்துக்கு ரெண்டு மூட்டதான் விக்குது. முப்பத்தெட்ட என்ன செய்வீங்க? ஒரு மாசத்துல அழுகித் தண்ணியா ஓடுமே!"

"நீ விக்கிறது ரெண்டுன்னு சொல்ற. அம்மன் முப்பத்தெட்டுங்குது. நீ பெருசா, அம்மன் பெருசா?"

அங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள் பூமயில். கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவள் அவள். முட்டை, தண்ணீர், பொடி, மிதக்கிறது என்று புருஷன் விவரமாகச் சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் வேறு ஏதோ ஓடியது.

மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்கு வந்தாள். ஒரு கையில் செம்பு. முந்தானையில் தன் கோழியிட்ட இரண்டு முட்டை. இன்னொரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அவளுடைய மூத்த ஆடு. பின்னாலேயே கூத்தையா, "மானத்த வாங்காத, மானத்த வாங்காத" என்று ஓடிவந்தான்.

"சாமி, எங்களுக்கு இன்னொருவாட்டி வாக்குக் கேக்கணும்" என்றாள்.

சித்தர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மகளே! அன்னையின் வாக்கு ஒருமுறை உரைக்கப்பட்டால் மாறுவதில்லை."

"மாறாதுல்ல? அப்பப் பயம் என்ன? இந்தச் செம்புல கேளுங்க. அதே கடை, அதே வெங்காயம்."

சித்தரின் ஒரு கண் திறந்தது. "அண்டநாயகி அண்டாவில்தான் எழுந்தருள்வாள்."

"ஒலகத்தையே அடக்குன தாயி ஒரு செம்புல அடங்க மாட்டாளா?"

கூட்டத்துக்கு இது நியாயமாகப் பட்டது. அம்மனைக் குறைத்துப் பேசுகிறார் சாமியார் என்று யாரோ ஒருத்தன் முணுமுணுக்கவும் செய்தான். வேறு வழியில்லை. செம்பில் ஊருணித் தண்ணீர் வந்தது. பூமயிலின் முட்டை உள்ளே போனது. சித்தர் சூரணத்தை விரல்நுனியால் கிள்ளி எடுத்தார்.

"சாமி, கிள்ளாதீங்க. பிடி! எங்களுக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்?"

ஒரு பிடி. கலக்கினார். இரண்டு பிடி. முட்டை அசைந்தது. மூன்றாவது பிடியில் ஜம்மென்று மேலே வந்து நின்றது.

"மூணு!" என்று கத்தினேன் நான். கத்தும்போது ஒரு தும்மல்.

"நேத்து முப்பத்தெட்டு, இன்னைக்கு மூணா?" என்றார் ஹமீது பாய், குடைக்குக் கீழிருந்து.

சித்தருக்கு வேர்த்தது. "செம்பில் உரைத்தது பெரிய மூட்டை. ஒன்றுக்குள் பன்னிரண்டு பதின்மூன்று அடக்கம்" என்றார்.

"சரி சாமி. அப்ப அந்த மாட்டுத் தொட்டியில கேட்டா?" என்றாள் பூமயில்.

வெளியே பஸ் ஏற வருகிறவர்களின் வண்டிமாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி இருந்தது. கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கொரு குடம் ஊற்றி நிரப்பினார்கள். இரண்டாவது முட்டையை விட்டார்கள். சித்தர் மறுக்க மறுக்கச் சாக்கைத் தூக்கிவந்து அவர் கையாலேயே அள்ளிப் போடவைத்தார்கள். இருபது. நாற்பது. அறுபது! முட்டை நகரவில்லை. அடியில் நிம்மதியாகப் படுத்திருந்தது. சாக்கு பாதியாயிற்று, சித்தரும் பாதியானார்.

அந்த நேரம் பார்த்து, பூமயில் கயிற்றை விட்டாள்.

ஆடு அண்டநாயகிக்கு ஒரு கும்பிடு போடவில்லை. வரிசையில் நிற்கவில்லை. நேராகப் போய்ச் சாக்குக்குள் தலையை விட்டுவிட்டது. சரக்சரக்கென்று நக்குகிற சத்தம்!

"ஐயோ! மகாசூரணம்! நாக்கு அழுகிவிடும்! ஆடு மாண்டுபோகும்!" என்று சித்தர் அலறினார்.

ஊரே ஆடு சாவதற்காகக் காத்திருந்தது. முனியசாமி கொஞ்சம் முன்னால் வந்து நின்றான், தொழில் பழக்கம். ஆடு தலையை எடுத்தது. தாடியெல்லாம் மஞ்சள். கூட்டத்தைப் பார்த்து "மே" என்றது. மறுபடியும் தலையை உள்ளே விட்டது.

பூமயில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். "எம்மா!" என்று கூத்தையா கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"உப்பு" என்றாள் அவள். "மஞ்சத்தூளும் பச்சக் கற்பூரமும் போட்டு இடிச்ச உப்பு. அளத்துல தண்ணி முத்திருச்சான்னு பாக்க நாங்க முட்டையத்தான் போட்டுப் பாப்போம். உப்பு ஏற ஏற முட்ட மேல வரும். பாத்திரம் பெருசுன்னா உப்பு நெறையா வேணும், சிறுசுன்னா கொஞ்சம் போதும். அது ஒங்க கடைய அளக்கலப்பா, அண்டாவ அளந்துச்சு!"

ஐயா, எங்கள் ஊரைச் சுற்றி உப்பளம். காற்றில் உப்பு. கிணற்றில் உப்பு. அப்பேர்ப்பட்ட ஊரில் வந்து, எங்களிடமே உப்பைக் காட்டி, பிடிக்கு இரண்டணா வாங்கிக்கொண்டிருந்தான் ஒருத்தன்! வெட்கத்தில் எனக்குத் தும்மல்கூட நின்றுவிட்டது.

கொட்டகைப் பின்பக்கமாக நழுவப் பார்த்த சித்தரை ஹமீது பாய் குடைக்கம்பியால் காவியில் கொக்கி போட்டு இழுத்தார். இமயமலைத் தமிழ் அந்த நிமிஷமே கழன்று விழுந்தது. "ஏத்தா, விட்ருங்கத்தா! தூத்துக்குடி உப்பு மண்டியில நிறுவை போட்டவன் நானு. புள்ளகுட்டிக்காரன்!" என்று அழுதார். காணிக்கைப் பெட்டியைக் கவிழ்த்து அவரவர் பணத்தை எடுத்துக்கொண்டு, ஆளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கூத்தையா தலையைச் சொறிந்தான். "அப்ப எத்தன மூட்டதான் வாங்குறது?"

"வீட்டுச் சுவத்துல மூட்ட பிரிக்கும்போதெல்லாம் கரிக்கோடு போட்டு வச்சிருக்கேன், பாத்ததே இல்லையா நீங்க? வாரத்துக்கு ரெண்டு கோடு. லாரி வாரத்துக்கு ஒருக்க வருது. வராமப் போனா இருக்கட்டும்னு கூட ஒண்ணு. அம்புட்டுத்தான். கடைசி மூட்டையப் பிரிச்சா லாரிக்காரன்ட்டச் சொல்லிவிடணும். இதுக்கு எதுக்கு அம்மனு, அண்டா?"

"ரெண்டும் ஒண்ணும் மூணு" என்றான் கூத்தையா. ஆட்டு வியாபாரி மத்தியானம் வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் ஊரை நான் மன்னித்திருப்பேன். முடியவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "செம்பும் மூணுன்னுதானப்பா சொல்லுச்சு?" "ஆமா! அண்டா பொய், செம்பு நெசம்!" அடுத்த நிமிஷம் பத்துப் பேர் பூமயிலைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். சோலையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒரே ஒரு நாளைக்கு அந்தச் செம்பக் குடு மதினி" என்று கெஞ்சினாள்.

பூமயில் செம்புத் தண்ணீரைத் தெருவில் வீசிக் கொட்டினாள். "செம்பு இன்னுங் கொஞ்சம் பெருசா இருந்தா அஞ்சுன்னு சொல்லிருக்கும்! ஏன் மதினி, ஒரு நாளைக்கு எத்தன இட்டிலி விக்கும் ஒனக்கு?"

சோலையம்மாள் விழித்தாள். தெரியவில்லை.

"பாய், போன வருசம் எத்தன குடை வித்தீங்க?"

பாய் வானத்தைப் பார்த்தார். அங்கே மேகமும் இல்லை, பதிலும் இல்லை.

பூமயில் சாக்கில் மிச்சமிருந்த உப்பைக் காலால் தள்ளிவிட்டாள். "ஆளுக்கு ஒரு பிடி கொண்டு போங்க. இன்னைக்காச்சும் சோத்துல உப்புப் போட்டுத் தின்னுங்க. சூடு சொரணை வருதான்னு பாப்போம்!"

வாங்கிப் போனார்கள். நானும் வாங்கினேன், அன்று ராத்திரியே குழம்பில் போட்டுத் தின்று, மறுநாள் என் கடைச் சுவரில் முதல் கரிக்கோடு போட்டேன். ஆனால் அன்றைக்கே கடைவீதியில் நடந்தபோது நாலு கடையில் பார்த்தேன்: அந்த உப்பை மஞ்சள் துணியில் முடிந்து, வாசலில் கட்டித் தொங்கவிட்டு, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடப்பாவிகளா! உப்பு தின்பதற்கு, மூளை யோசிப்பதற்கு. இரண்டையும் முடிந்து தொங்கவிட்டால், அடுத்த பஸ்ஸிலேயே அடுத்த சித்தன் வந்து இறங்க மாட்டானா?